இருபத்தோராம் நாள்

ஹம்ரியா தொழிற்பேட்டை, கிடங்கு எண் பதினேழு.
வெளியே ஆகஸ்டு.
காற்றைப் பிழிந்தால் அரை வாளி தண்ணீர் தேறும்.
உள்ளே, ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள்
டைட்டானியப் பொடியை லேசர் தைக்கிறது
படலம் படலமாக,
யாருடைய தொடையெலும்புக்குள்ளோ இறங்கப்போகும் தண்டாக.

என் வேலை அதன் தோல்.
தோலென்றதும் வழவழப்பை நினைக்காதீர்கள்.
வழவழப்பான உலோகத்தை உடம்பு மரியாதையாக நடத்தும்:
சுற்றிலும் மெல்லிய சவ்வொன்றை இழுத்துவிட்டு
நகர்ந்துகொள்ளும்.
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
எலும்பு உள்ளே வர வாசல் வேண்டும்,
ரவைக் குருணை ஒன்று நுழையும் வாசல்,
அதற்குள் இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று.
முதலில் இரத்தம் வந்து பார்க்கும்.
பிறகு எலும்பு
தன் சுண்ணாம்பு மூட்டையோடு குடிவரும்.

இதெல்லாம் மாநாடுகளில் நான் காட்டும் படம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பொட்டலம் திரும்பி வந்தது.
பார்மலின் வாடை.
எங்கள் தண்டுதான், பதினான்கு மாதம்
ஒரு மனிதருக்குள் இருந்துவிட்டு.
ஜுனைத் அதை மேசையில் வைத்தான்,
கையுறையைக் கழற்றாமலே நின்றான்.

நுண்ணோக்கியில் பார்த்தேன்.
உட்பக்கம், நுனியருகே,
மஞ்சள் வெள்ளையாய்க் கொஞ்சம் எலும்பு,
பிடுங்கியபோது முறிந்த விளிம்போடு.
மற்ற இடமெல்லாம் சவ்வு, பட்டும் படாமலும்.
ஆயிரத்து இருநூறு வாசல் திறந்துவைத்தோம்.
ஐந்தில் மட்டும் விளக்கெரிந்திருக்கிறது.

பொடியைச் சந்தேகித்தேன். லேசரை.
பெட்டிக்குள் கசிந்திருக்கக்கூடிய ஈரத்தை.
ஜுனைதின் இரவுப்பணியைக்கூட
(அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன்).
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் ரஃபீதா தொலைபேசியில் சொன்னார்:
“அஜ்மானில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்.
லிஃப்ட் இல்லாத கட்டடங்கள்.
ஆறு வாரம் ஊன்றக்கூடாதென்று எழுதித்தான் கொடுத்தேன்.
கம்பெனி கொடுத்தது இருபது நாள்.
இருபத்தோராம் நாள், நாலாம் மாடி.”

ஒரு தலைமுடிப் பருமன் அசைவை எலும்பு மன்னிக்கும்.
இரண்டு முடி அசைந்தால் மனசு மாறிவிடும்,
எலும்பாவதை விட்டு நாராகிவிடும்.
எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் இதை.
அதில் சிலிண்டரின் எடை
ஒருநாளும் இருந்ததில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் நுரைக்கட்டையாலான எலும்பு உண்டு.
அது விடுப்புக் கேட்காது.
அதன்மேல் ஓர் இயந்திரம்
பத்து லட்சம் அடி நடந்துகாட்டும்,
எழுபது கிலோ, சமதளம், கை வீச்சு.
அப்படி ஒருவரை இந்த ஊரில் எனக்குத் தெரியாது,
மாலையில் கடற்கரையோரம் ஓடுகிறவர்களைத் தவிர.

இரவு எட்டு மணிக்கு வரைபடத்தைத் திறந்தேன்.
துளைகளைத் தொடவில்லை. அவை ஆறாம் வாரத்துக்கானவை.
மேல் பாகத்தில் பற்கள் வைத்தேன்,
இறங்கும்போது வழிவிட்டு, திருகினால் கடிப்பவை.
கழுத்தில் ஒரு விளிம்பு,
சுமையோடு படியேறினாலும் தண்டு புதையாதிருக்க.
கூடக் கடித்தால் எலும்பு பிளக்கும்.
குறைத்துக் கடித்தால் இருபத்தோராம் நாள்.
நடுவே எனக்கிருக்கும் இடம்
அதே ஒரு முடிதான்.

சோதனைப் படிவத்தில் எழுபதை அடித்து
நூற்றுப் பதினைந்து என்று போட்டேன்.
சமதளத்தை அடித்து, படி.
மேலாளர் காலையில் கேட்பார், எந்தத் தரநிலையில் இருக்கிறது இது என்று.
எதிலும் இல்லை.

பொட்டலத்தை எரிப்புக்கு அனுப்ப வேறொரு படிவம்.
உலோகம் ஒரு கட்டம், மனிதத் திசு ஒரு கட்டம்,
பிரித்துத் தரவேண்டுமாம்.
சவ்வு ஈரக் காகிதம் போல உரிந்து வந்தது.
அந்த ஐந்து துளைகளில்
ஊசியால் நெம்பினேன்,
பிறகு பெரிய ஊசியால்.

வரவில்லை.